ஆட்டக்காரர்களின் வகுப்பு

மகள் கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கிய அன்றே செக்கருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

அவர் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். தெருவில் எல்லோருக்கும் செக்கர். சிரித்துக்கொண்டே பேசுகிறவர்களை அவர் முதலில் சோதிப்பார். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி சட்டையோடு கழலாது. நாற்பதைத் தாண்டத் தவித்த பெண் ஒரே பருவத்தில் தொண்ணூற்றொன்றா?

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, பெற்ற பெண்ணிடமே டிக்கெட் கேட்கிற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று சுவரிடம் கேட்டாள்.

சாப்பிடும்போது செக்கர் சும்மா கேட்பதுபோல ஒரு சமன்பாட்டைச் சொல்லி, அதைத் தீர்க்கச் சொன்னார். மகள் சிரித்தாள்.

"அதெல்லாம் எங்களுக்குக் கிடையாதுப்பா. நாங்க பொதுக் கணக்கு."

அவளிடம் கூச்சமே இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. திருட்டு என்றால் கண்ணில் கொஞ்சமாவது தெரிய வேண்டுமே.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. கால்பந்து அணிக்குத் தேர்வான பெண்களை விளையாட்டு மாஸ்டர் பொதுக் கணக்கு வகுப்புக்கு மாற்றிவிடுவார். வட்டி, சதவீதம், அறைக்கு எத்தனை லிட்டர் பெயிண்ட் வேண்டும், அவ்வளவுதான். "எனக்குக் கணக்கு மாறிடுச்சு" என்று ஒரு பெண் சொன்னால் அணியில் இடம் கிடைத்துவிட்டது என்று பொருள். தோழிகள் கட்டிப்பிடித்துக் கொள்வார்கள். மகளுக்குக் கணக்கு மாறிய அன்று செக்கரும் அவளுக்குக் கோல்கீப்பர் கையுறை வாங்கித் தந்தார்; புதுக் கணக்கில் என்ன பாடம் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அவர் மைதானத்துக்குப் போய் வேலியோரம் நின்றார். மாஸ்டர் வந்து தோளில் கைபோட்டார். பந்து உங்கள் பெண்ணின் கையில் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்கிறது, பல்கலைக்கழக அணிக்காரர்கள் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டார்கள், விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் நிச்சயம் என்றார். கணக்கைப் பற்றிக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க ஏன் சார் அலட்டிக்கிறீங்க? மார்க்குக்கு நான் பொறுப்பு."

வினாத்தாளை முன்கூட்டியே கொடுக்கிறான் என்று செக்கர் முடிவுகட்டினார். வேறு யாருக்காவது தெரிந்தால் மகளின் இடமும் போய், பெயரும் கெட்டுவிடும். அடுத்த விடுமுறை நாளில் யாரிடமும் சொல்லாமல் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்குப் போனார்.

ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். செக்கர் சுற்றி வளைத்துக் கேட்டார்: மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்? அந்த அம்மாளுக்கு மதிப்பெண்ணில் அக்கறை இல்லை. எந்தக் கணக்கு என்று மட்டும் கேட்டாள். சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

"பொதுக் கணக்க நாங்க எடுத்துக்கறதில்ல. நூறே வாங்கினாலும். மத்த பிள்ளைங்க படிக்கற முதன்மைக் கணக்குல பாஸ் பண்ணாத்தான் சேர்க்கை. சேர்க்கை இருந்தாத்தான் ஆட்டம்."

"அந்தப் பள்ளிக்கூடத்துலேந்து வேற யாரும் வந்து கேட்டதில்லையா?"

"வருஷாவருஷம் வருவாங்க. பரீட்சை எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து அழுவாங்க. நீங்கதான் முன்னாடி வந்திருக்கீங்க."

செக்கர் படியில் உட்கார்ந்துவிட்டார். மதிப்பெண்ணில் களவே இல்லை. மகள் பெயிண்ட் கணக்கை நேர்மையாகப் போட்டுத்தான் தொண்ணூற்றொன்று வாங்கியிருக்கிறாள்.

மறுநாள் மாஸ்டரிடம் போய், உங்களுக்கு இது தெரியுமா என்றார். மாஸ்டர் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். ஏதாவது ஒரு பாடத்தில் நாற்பதுக்குக் கீழே போனால் மைதானத்தில் இறங்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. முதன்மைக் கணக்கில் விட்டால் பாதி அணி வெளியே உட்கார்ந்திருக்கும்.

"மேல படிக்கறது அவங்கவங்க பாடு சார். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேக்கலைன்னா?"

மாஸ்டர் மைதானத்தின் பக்கம் திரும்பினார். விசிலை ஊதினார்.

மகளிடம் சொன்னபோது அவள் அவரைத்தான் சந்தேகப்பட்டாள். இறுதிப் போட்டி நெருங்கும் நேரத்தில் வகுப்பு மாறினால் முதல் தேர்விலேயே தோற்பாள், ஆட முடியாது. அப்பாவுக்கு அதுதான் வேண்டும் போலிருக்கிறது என்றாள்.

"நான் ஆடறது உங்களுக்கு என்னைக்குமே புடிக்கலல்ல?"

செக்கருக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தக் கேள்வியில் தவறும் தெரியவில்லை. அவளிடத்தில் இருந்தால் அவரும் அதையேதான் கேட்டிருப்பார்.

"என்னை நம்பாத பாப்பா. நீயே கேட்டுப் பாரு."

அவள் அவர் எதிரிலேயே, தன் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த பல்கலைக்கழகப் பயிற்சியாளருக்குப் போன் போட்டாள். பொதுக் கணக்கு செல்லுமா என்று கேட்டாள். பயிற்சியாளர் அன்பாகத்தான் பேசினார். நீ முதலில் நன்றாக ஆடு, மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். செல்லுமா செல்லாதா என்று மறுபடி கேட்டாள். பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

போனை வைத்துவிட்டு, "செல்லும்னு மட்டும் சொல்லவே இல்லப்பா" என்றாள். மறுநாள் அவளாகவே முதன்மைக் கணக்கு வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

முதல் தேர்வில் இருபத்தாறு. இறுதிப் போட்டியன்று சீருடை இல்லாமல் கோட்டுக்கு வெளியே செக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாற்று கோல்கீப்பர் மூன்று கோல் விட்டாள். மாஸ்டர் இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. தோற்றுத் திரும்பிய பெண்களில் ஒருத்தி, "செக்கர் பொண்ணு செஞ்ச வேலையப் பாரு" என்று காது கேட்கவே சொல்லிவிட்டுப் போனாள். அவர் எழுந்தார். மகள் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

பிறகு அந்த வீட்டில் கணக்கைத் தவிர வேறு பேச்சில்லை. மருந்துக்கடை முதலாளியின் மருமகள் மாலையில் சொல்லிக்கொடுத்தாள். கையுறை பரணுக்குப் போயிற்று. கடைசித் தேர்வில் நாற்பத்து நாலு. தப்பித்தோம் பிழைத்தோம் என்று கரையேறினாள்.

சேர்க்கை நாளன்று பல்கலைக்கழகப் பயிற்சியாளர் தாழ்வாரத்திலேயே எதிர்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா? நான்தான் சொன்னேனே, பாத்துக்கலாம்னு."

செக்கருக்கு நாக்கு நுனி வரை ஒன்று வந்தது. அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"சார், முதல் வருஷத்துல எந்தெந்தப் பாடத்துல மார்க் கொறஞ்சா ஆட விடமாட்டீங்க?"

"அதுக்கு இப்ப என்னம்மா அவசரம்? நீ முதல்ல மைதானத்துக்கு வா. மத்ததெல்லாம்..."

"இல்ல சார். எழுதிக் குடுங்க."

அவர் செக்கரைப் பார்த்துச் சிரித்தார். செக்கர் சிரிக்கவில்லை. அவள் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பயிற்சியாளரிடம் நீட்டிக்கொண்டு நின்றாள்.