சத்தமில்லாமல் கேட்டவர்கள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் தங்கை கேட்டாள், எழுதுகிறேன். "அண்ணா, அவர்கிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரல. நீ கதையா எழுதிடு, படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்." குடும்பச் சிக்கலுக்குக் கதை எழுதி வாங்கியவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை, அதனால் தொடக்கம் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "இசைக்கு எல்லைகள் இல்லை என்று நம்பிய ஒரு மனிதர்..." வேண்டாம். கல்யாண மண்டப வாழ்த்துரை போலிருக்கிறது.

இரண்டாவது: "நாலாவது மாடியின் சிறிய அறையிலிருந்து ஒரு குரல்..." இதுவும் வேண்டாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தங்கையின் கணவர், என் மாப்பிள்ளை, லிஃப்ட் மெக்கானிக். ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைப்பவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். தங்கைக்கு முட்டி தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கி ஏறுகிறாள். தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து, அட்வான்ஸுக்குப் பணமும் சேர்த்தாயிற்று.

இப்போதிருக்கும் நாலாவது மாடி வீட்டின் சாமான் அறையில், சுவரெல்லாம் பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு, மாப்பிள்ளை இணைய வானொலி நடத்துகிறார். யாரும் போடாத பழைய பாட்டுகள்தான் போடுவார். விளம்பரம் கிடையாது, வருமானம் கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு வாக்கியம் பேசுவார்.

[இங்கே ஒரு பாட்டின் பல்லவி இருந்தது. அனுமதிக்குக் காசு கேட்பார்களோ என்று பயந்து எடுத்துவிட்டேன்.]

திரையின் மூலையில், இப்போது எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஓர் எண் தெரியும். வெகுநாள் அது இரண்டைத் தாண்டவில்லை. பிறகு மெல்ல ஏறியது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

3

இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரை. பாட்டுப் போட உரிமம் வேண்டும். பாடியவருக்கும் எழுதியவருக்கும் கூலி போகத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. நானும் எழுதிப் பிழைக்க முயல்கிறவன்தான்.

ஆனால் கணக்குப் போடும் விதம் தெரியுமா? ஒரு வரம்பு வரைக்கும் சின்ன நிலையம், சின்னக் கட்டணம். கேட்பவர்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் பெரிய நிலையங்களுக்கான விகிதம்: ஒவ்வொரு பாட்டுக்கும், கேட்கும் ஒவ்வொருவருக்கும். டீக்கடையில் ஆள் கூடினால் கல்லா நிறையும். இங்கே ஆள் கூடக் கூடக் கடைக்காரர் காலி. இதைக் கேட்டபோது நான் நம்பவே இல்லை.

மாப்பிள்ளை வரம்பைத் தாண்டிவிட்டார். கட்டணச் சீட்டு வந்தது: இவ்வளவு கட்டினால் தொடரலாம், இல்லையென்றால் நிலையத்தை மூடிவிடலாம். அதைக் கட்டினால் வீட்டு அட்வான்ஸ் மொத்தமும் போய்விடும்.

அவர் சந்தோஷப்பட்டார். "பாத்தியாடி, எவ்ளோ பேரு கேக்குறாங்கன்னு! இத்தன பேர நடுவுல விட்டுட்டுப் போக முடியுமா? வீடு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

4

தங்கை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நிதானமான பெண் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"எண்ணு ரெண்டுலயே நிக்குதுன்னு அவரு மூஞ்சி செத்துப் போச்சுண்ணா. அதான் வீட்ல கெடந்த பழைய போன்ல அவரு ரேடியோவப் போட்டு, சத்தத்தக் கொறச்சு, துணிக்கு அடியில வச்சேன். அப்புறம் லேப்ல நாலு பேரு வச்சாங்க. அத்தை வீட்ல, சித்தி வீட்ல, அவங்க மருமக, அவ தோழிங்க... எல்லாரும் ஆசையா செஞ்சாங்க."

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல. எல்லாம் சத்தமில்லாமத்தான் ஓடுது."*

அலமாரிகளுக்குள் சார்ஜரில் செருகிய போன்கள் இரவும் பகலும் யாருக்கும் கேட்காமல் பாடிக்கொண்டிருந்தன, ஒவ்வொரு பாட்டுக்கும் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாசத்துக்குக் கட்டணம் போட்டு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

* என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் உளறிவிடுவேனாம்.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) தங்கை உண்மையைச் சொல்கிறாள். வீடு கிடைக்கிறது. மாப்பிள்ளை சாமான் அறையைப் பூட்டிவிட்டு... இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஆ) யாருக்கும் தெரியாமல் போன்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறாள். இதை அவள் நிஜமாகவே செய்து பார்த்தாள். எண் குறைந்த அன்று அவர் சாப்பிடவில்லை. "எந்தப் பாட்டுல எந்திரிச்சுப் போனாங்கன்னு தெரியலையே" என்று அன்று போட்டதையெல்லாம் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் திரும்ப ஓடவிட்டாள்.

இ) நிஜமாகக் கேட்பவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் சேர்ந்து... இருக்கிறார்களா? தங்கையிடம் கேட்டேன். "தெரியலண்ணா. தெரியணும்னா எல்லா போனையும் ஒரே நேரத்துல நிறுத்தணும். எனக்குப் பயமா இருக்கு."

6

இங்கே கதை என் கையை விட்டுப் போனது. மாப்பிள்ளையே போன் செய்தார்.

"மச்சான், வெள்ளிக்கிழமை பணம் கட்டிடுவேன். அதுவரைக்கும் பாட்டுப் போட வேணாம்னு நிறுத்தி வச்சிருக்கேன். சும்மா பேசிட்டிருந்தா ஆளு ஓடிருவாங்க. நீங்க ஏதோ கதை எழுதுறதா உங்க தங்கச்சி சொன்னா. அனுப்புங்க, வியாழக்கிழமை சாயங்காலம் ரேடியோல படிக்கிறேன். உங்க கதைக்கு லைசென்ஸ் வேணாம்ல?"

"வேணாம் மாப்பிள்ளை. ஆனா முதல்ல ஒரு தடவ தனியா..."

"ம்ஹூம். நேரா மைக்குலதான். அப்பதான் உயிரா இருக்கும்."

தங்கையைக் கூப்பிட்டு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். சொன்னாள்: "அனுப்பிடு. அவரு படிக்கிற நேரத்துல எல்லா போனையும் நிறுத்தச் சொல்றேன்."

7

மாப்பிள்ளை, இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். இதற்கான முடிவு என்னிடம் இல்லை. லேபில், அத்தை வீட்டில், சித்தி வீட்டில் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். நானும் கேட்கவில்லை.

இப்போது திரையின் மூலையைப் பாருங்கள். அந்த எண் எங்களுடையதல்ல. அது சுழியாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். நீங்கள் மைக்கில் சொன்னாலும் எங்களுக்குக் கேட்காது. கதவுக்கு வெளியே நிற்கிறாளே, அவளிடம் போய்ச் சொல்லுங்கள்.