ஆறு தோள்

"முன்னால நானும் எம் மவனும். பின்னால நாலு மச்சான்மாரு" என்று தோள்களைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார் ஆன்றோ சித்தப்பா, தூத்துக்குடியிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கியவர். ராயபுரம் வீட்டுக் கூடத்தில், இன்னும் மூடாத சவப்பெட்டிக்குள் பெனிஷாவின் அப்பா லூயிஸ் படுத்திருந்தார். கால்மாட்டில் நின்ற, அப்பாவோடு வேலை பார்த்த யாசினை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

"சித்தப்பா, யாசின் மாமாவும் தூக்கட்டும்" என்றாள் பெனிஷா.

"வேத்தாளு வேண்டாம்மா. பெட்டிய சொந்தக்காரங்கதான் தூக்கணும், நம்ம குடும்பத்து வழக்கம். அவரு பின்னால தாராளமா வரட்டும்."

"வுடும்மா, நான் பின்னாடியே வந்துக்கிறேன்" என்றார் யாசின். அந்த அடக்கத்தைப் பார்த்துத்தான் பெனிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவும் யாசினும் துறைமுகத்தில் சரக்குக்குக் கணக்கு எடுத்தவர்கள். பாதிரியாராகப் போய்ச் சேர்ந்த குருமடத்தில் பாதியில் விட்டுவந்த லத்தீனை அப்பா கப்பல்காரர்களிடம்தான் செலவழித்தார். ரொட்டி இத்தாலிக்காரனுக்குப் பானே, ஸ்பெயின்காரனுக்குப் பான், போர்ச்சுக்கல்காரனுக்குப் பாவ். "எல்லாம் பானிஸ்ன்ற ஒரே தாய் பெத்த புள்ளைங்க" என்பார். வீட்டில் சாதம் ஆறிக்கொண்டிருக்கும், மனிதர் ரோமாபுரியிலிருந்து இறங்கவே மாட்டார். யாசினை மட்டும் தோஸ்து என்று சொன்னதே இல்லை, 'கம்பானியன்' என்பார்.

"அப்படி அவரு என்ன ஒறவு? சொல்லு பாப்பம்" என்றார் சித்தப்பா.

"கம்பானியன். லத்தீன்ல கும்னா கூட, பானிஸ்னா ரொட்டி. கூட உக்காந்து ரொட்டி துன்னவருன்னு அர்த்தம்."

"ஏட்டி, சாவு வீட்ல லத்தீன் பாடமா எடுக்க?"

மச்சான்களில் ஒருவர் சிரிப்பை அடக்கினார். அவளுக்கு முகம் சுட்டது. அப்பா வாழ்நாளெல்லாம் கட்டிக்கொண்டு அழுத படிப்பு ஒரு தோளைக்கூட வாங்கித் தராது போலிருந்தது.

"அம்மாவும் இல்ல, நானும் வேலைக்குப் பூடுவேன். அப்பா படுத்ததுலேர்ந்து டீல ரொட்டிய நனைச்சு ஊட்டிவுட்டது அவருதான். நீங்க போன்ல விசாரிச்சீங்க."

சித்தப்பா அண்ணனின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகனை மெல்ல விலக்கினார்.

"வாங்க பாய்."

பெட்டியை மூடித் தூக்கினார்கள். யாசின் குள்ளம். பெட்டி அவர் பக்கமாகச் சரிந்தது. அவர் நுனிக்காலில் எம்பிப் பார்த்தார், எட்டவில்லை.

சித்தப்பா முதலில் முழங்காலை மடக்கினார். அவரைப் பார்த்து மற்ற நால்வரும் மடக்கினார்கள். அப்படியே, அந்தக் குள்ளமான உயரத்திலேயே, பெட்டி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.