ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு ரோஜா நிறக் காகிதம்

எய்னோ கடைசியாகச் சண்டை போட்டது புது ஃப்ரிட்ஜோடு. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக் கறுப்புக் காப்பியை உறிஞ்சியபடி, மேசையிலிருந்தே அதை முறைத்தார்.

"காந்தம் ஒட்டாத ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரு ஃப்ரிட்ஜா?"

"அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எய்னோ. அதுல எதுவும் ஒட்டாது," என்றாள் அவர் மனைவி ஹெல்மி.

"உன்கூட நான் அம்பத்தெட்டு வருஷமா ஒட்டிக்கிட்டு இருக்கேனே."

"நான் ஸ்டீல் இல்ல. அதான் மாட்டிக்கிட்டேன்."

அவர் சிரித்தார், இருமினார், இன்னொரு கட்டி கேட்டார். ஹெல்மி தபால் பெட்டியைப் பார்க்க வெளியே போனாள்.

திரும்பி வந்தபோது கோப்பை கவிழ்ந்து கிடந்தது. எய்னோ நாற்காலியில் சாய்ந்து, படகில் விழுந்த சால்மன் மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடினார். அவருடைய இதயம் இரண்டு வருஷமாக இப்படித்தான் மிரட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை மிரட்டலாகத் தெரியவில்லை. மூச்சுத்திணறலுக்கு ஏதாவது மருந்து கொடுப்பார்கள் என்றுதான் ஹெல்மி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

வந்தவள் டார்லா. எய்னோவின் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவரின் மகள். ஆற்றோர ஊரான அஸ்டோரியாவில் ஆம்புலன்ஸ்காரர்கள் வயதானவர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஃப்ரிட்ஜ் கதவைத்தான் பார்ப்பார்கள். டார்லாவும் பார்த்தாள். பளபளவென்று அவள் முகம்தான் அதில் தெரிந்தது.

"மிஸஸ் லாக்சோ, ரோஜாக் கலர் பேப்பர் எங்க?"

ஹெல்மி கராஜ் பக்கம் திரும்பினாள். நெஞ்சை அமுக்காதே, தொண்டையில் குழாய் விடாதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்காதே என்று டாக்டரும் எய்னோவும் கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸ்காரர் கண்ணில் படும்படி ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டிவைத்த காகிதம். பழைய ஃப்ரிட்ஜை ஊர் வழக்கப்படி பீர் வைக்கக் கராஜுக்குத் தள்ளியபோது, காந்தத்தோடு அதுவும் போய்விட்டது.

"இருக்கு, டார்லா! கராஜுல இருக்கு!"

"சொன்னா போதாது, மிஸஸ் லாக்சோ. கண்ணால பாக்கணும். மூச்சு நின்னா நான் குழாய் போட்டே ஆகணும். சீக்கிரம் போங்க."

எண்பத்தொரு வயதில் ஹெல்மி ஓடினாள். ஒரு செருப்பு படியிலேயே நின்றுவிட்டது. கராஜில், ஃப்ரிட்ஜ் கதவு சுவரைப் பார்த்திருந்தது. இடம் மிச்சமாகும், பீர் வேண்டும்போது திருப்பிக்கொள்ளலாம் என்று எய்னோவே செய்த ஏற்பாடு.

"கெழவா! உன் புத்திசாலித்தனத்துல இடி விழ!"

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். உள்ளே பீர் புட்டிகள் உருண்டன. ஒரு கை நுழையும் சந்து கிடைத்தது. தடவினாள். பூனைப்படம் போட்ட நாள்காட்டி வந்தது. பீட்சா கடை விளம்பரம் வந்தது. மூன்றாவதாக அது வந்தது.

டார்லா குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். காகிதத்தை மேலிருந்து கீழே வாசித்தாள். கடைசிக் கட்டத்தில் எய்னோ டாக்டரை நச்சரித்து எழுத வைத்த வரி இருந்தது: "விழுங்க முடியும்வரை காப்பி கொடுக்கவும்."

டார்லா அந்த வரியை இரண்டு முறை வாசித்தாள். குழாயைப் பையில் போட்டாள். மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருந்தை நாக்கடியில் விட்டாள், ஆக்ஸிஜன் வைத்தாள். இருவருமாக அவரைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். "எங்க ஓடிட்ட?"

"நீ சொவத்தப் பாத்து நிறுத்தின ஃப்ரிட்ஜ தள்ளப் போனேன்."

"எடம்... மிச்சம்," என்றார் எய்னோ.

ஹெல்மி ஒரு ஸ்பூன் காப்பி ஊட்டினாள். விழுங்கினார். இரண்டாவது கடைவாயில் வழிந்தது. சாயங்காலம், ஆற்றைப் பார்த்த ஜன்னல் பக்கம், தன் தலையணையில், தொண்டையில் குழாய் எதுவும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஹெல்மி, அவர்கள் வாராவாரம் நீராவிக் குளியல் எடுக்கும் சௌனா அறையில் அடுப்பை மூட்டினாள். சூடேறிய கல்லில் தண்ணீர் விட்டாள். மேல் பலகையில் எய்னோவின் இடமான இடது மூலைதான் எப்போதும் போல அதிகம் சுட்டது.