ராணியின் முதுகு

1

இந்தக் கதை ஒரு மிக்ஸி சத்தத்தில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பு ஒன்றை இதற்கு வாங்கிக் கொடுக்கப் பார்த்தேன். பனி மூடிய ரயில் நிலையம், அங்கே யாரோ விட்டுச் சென்ற ஒற்றைக் கையுறை என்று ஒரு பக்கம் எழுதினேன். நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் கதைகள் அப்படித்தான் பிறக்கின்றன. ஆனால் கையுறையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் ஒரு வெளிநாட்டுப் படத்தைத் தமிழ்க் குரலில் போட்டார்கள். அதில் ஒரு நாட்டின் பெரிய படகு கவிழ்கிறது. ஏராளமான பேர் போய்விடுகிறார்கள். நாடே அழுகிறது. அந்த நாட்டு ராணி மட்டும் அரண்மனையை விட்டு வெளியே வரவில்லை. வாசலில் ஜனங்கள் வைத்த பூக்கள் குவிகின்றன, வாடுகின்றன, அவற்றின் மேல் புதுப் பூக்கள் குவிகின்றன. 'இவள் கல்லா?' என்று பத்திரிகைகள் கேட்கின்றன. கடைசியில் ராணி கடற்கரைக்குப் போகிறாள். அவள் கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று அத்தனை கேமராக்களும் காத்திருக்க, அவள் திரும்பி, கடலைப் பார்த்து நிற்கிறாள். நமக்குத் தெரிவது முதுகு.

இந்தப் படத்தை நான் முன்பே அதன் சொந்த மொழியில் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் காற்றைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அந்த மௌனத்துக்காகவே மறுபடி உட்கார்ந்தேன். ராணி திரும்பினாள். சமையலறையில் அம்மா மிக்ஸியைப் போட்டாள்.

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம்மா!"

"ராணி வீட்டுல அரைக்க ஆள் இருக்கு. இங்க நான் ஒருத்திதான்."

சத்தம் நின்றபோது ராணி காரில் ஏறிக்கொண்டிருந்தாள். மிக்ஸிக்கு அடியில் ஏதோ கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. படம் முடிந்து ஓடிய பெயர்களில் தமிழில் குரல் கொடுத்தவரின் பெயர் இல்லை. அந்தப் படத்தை அதற்குப் பிறகு எங்கேயும் போடவில்லை.

மற்றதெல்லாம் என் கற்பனை.

2

"அவள் எத்தனையோ பெண்களுக்காக அழுதிருக்கிறாள், அவர்களில் ஒருத்திகூட அவளுக்காக —"

(வேண்டாம். முதல் வாக்கியத்திலேயே பரிசு வாங்கப் பார்க்கிறது.)

"ஒலிப்பதிவு அறையின் குளிர், ஒரு பழைய துக்கத்தைப் போல அவள் தோளில் —"

(குளிர் குளிராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.)

எத்தனையாவது தொடக்கம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். சாதாரணமாகவே சொல்கிறேன். அவள் டப்பிங் கலைஞர். மற்ற மொழிப் படங்களிலும் சீரியல்களிலும் வாயசைக்கிற பெண்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது அவள் பிழைப்பு. அந்த வாரம் அவள் ராணிக்குப் பேசினாள். அதனால் ஸ்டுடியோவில் எல்லோரும் அவளை ராணியம்மா என்றார்கள்.

"ராணியம்மா, அரியணை சௌகரியமா இருக்கா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டப்பிங் இயக்குநர் கேட்டார். அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத்தான் சொன்னார்.

"ஒரு கால் ஆடுது, சார். ராஜ்யமே அப்படித்தான இருக்கு."

இயக்குநருக்குப் பக்கத்தில் சவுண்ட் இன்ஜினியர். அவரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். பேசுகிறவரின் வயிறு இரைந்தால்கூட ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுகிற மனிதர்.

கடற்கரைக் காட்சி வந்தது. ராணி திரும்பி நின்றாள். ஸ்டூலில் அவள் பேசாமல் காத்திருந்தாள். பேச எதுவும் இல்லையே.

"இங்க ஒரு விசும்பல் குடும்மா," என்றார் இயக்குநர்.

"ஒரிஜினல்ல இல்லையே, சார்."

"இல்லதான். முதுகுதானே காட்டுறா? போட்டுக்கலாம்."

இது அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம். முகம் தெரிந்தால் அந்த உதட்டுக்கு அடிமையாக இருக்க வேண்டும். முதுகு தெரிந்தால் கேட்பாரில்லை. கதை புரியவில்லை என்று யாராவது சொன்னால், அடுத்து எந்தப் பாத்திரம் முதுகைக் காட்டுகிறதோ அதன் வாயில் ஒரு வசனத்தைச் செருகிவிடுவார்கள்.

"சேனல்காரங்க பார்த்துட்டாங்க," என்றார் இயக்குநர். "இவ்வளவு நேரம் சத்தமே இல்லன்னா டிவி ரிப்பேருன்னு ஜனங்க தட்ட ஆரம்பிச்சுடுவாங்களாம்."

"அதுக்கு ராணி அழணுமா?"

"அழுவாளா அழுவாளான்னு படம் பூரா உக்காந்திருக்கான் மனுஷன். அழாமப் போனா அவனுக்கு என்ன மரியாதை?"

"படத்துல வாசல்ல நிக்கிற கூட்டமும் இதையேதான் சார் கேக்குது."

"கூட்டம் ஒண்ணும் தப்பாக் கேக்கலையே!"

அவள் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். விசும்பல் என்பது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. அழுகை என்றாலே அவளைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சை இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள்.

"ராணியம்மா," என்றார் இயக்குநர், "இது அழுகை இல்ல. ஜலதோஷம்."

3

அவளுடைய தம்பி இறந்து அதிக நாள் ஆகவில்லை.

(தம்பியையும் படகில் ஏற்றிவிடலாமா என்று யோசித்தேன். ராணிக்கும் அவளுக்கும் பாந்தமாக இருந்திருக்கும். வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டேன். தம்பி அலுவலகத்தில், சாப்பிட்டு வந்து உட்கார்ந்த நாற்காலியிலேயே இறந்தான்.)

ஒரே வீடு. கீழே அவள்; மாடியில் தம்பியும் தம்பி மனைவியும். தம்பிக்கு ஒரு விளையாட்டு உண்டு. எந்தப் படத்தில் எந்த மூலையில் அக்கா குரல் வந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். கதாநாயகி மட்டுமா, கூட்டத்தில் அலறுகிற பெண், விமான நிலைய அறிவிப்பு, ஒருதடவை பக்கத்து அறையில் தும்முகிறவள்கூட. மாடியிலிருந்து கத்துவான்.

"அக்கா, இப்பத் தும்முனது நீதானே?"

"ஆமாடா! நல்லா வந்திருக்கா?"

"அக்காவும் தம்பியும் சேர்ந்தா எனக்கு ஒரு படம் உருப்படியாப் புரியறதில்ல," என்பாள் தம்பி மனைவி. ஆனால் அவளும் உட்கார்ந்து பார்ப்பாள். அக்கா குரல் கொடுத்த எதையும் அந்த மாடி தவறவிட்டதில்லை.

சாவு வீட்டில் அவள் முதலில் அழவில்லை. நாற்காலி போடச் சொல்வதும் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதுமாக இருந்தாள். பிறகு யாரோ தம்பியின் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள். அப்போது வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் ஒருமுறை இடறி, நின்று, மறுபடி உடைகிற அழுகை.

பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். கிண்டல் இல்லை, வியப்புதான்.

"அதே அழுகை! அந்த சீரியல்ல மூத்த மருமக அழுவாளே, அதேதான். இவங்கதான் குடுக்குறாங்க போல."

நாலைந்து தலைகள் அவள் பக்கம் திரும்பின. ரெக்கார்டிங் நடக்கும்போது வெளிச்சத்தம் விழுந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அது அவள் உடம்பில் ஊறிய பழக்கம். நிறுத்தினாள். நிறுத்தியதோடு விடாமல், மறுபடி எடுக்கப் போவதுபோல லேசாகக் கனைத்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

அதைத் தம்பி மனைவி பார்த்துவிட்டாள்.

"அண்ணி," என்றாள் தம்பி மனைவி. குரலை உயர்த்தவே இல்லை. "இங்க மைக் இல்ல."

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. மாடியில் நடக்கிற காலடி கீழே கேட்கும். கீழே குழாய் திறப்பது மேலே கேட்கும். அவ்வளவுதான். அழுகையும் அத்தோடு நின்றுபோனது.

அந்த அழுகை நிஜமா, பழக்கமா? நீங்கள் கேட்கும் முன்பே நான் கேட்டுவிட்டேன். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன்; ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இரவல் கொடுத்துக் கொடுத்துத் தேய்ந்த ஒரு குரல், சொந்த வீட்டுக்கு வரும்போது வேறு எப்படித்தான் வரும்?

4

ஸ்டுடியோவுக்குத் திரும்புவோம். அவள் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள். நான்தான் சுற்றப் போய்விட்டேன்.

"சார், பழசு ஒண்ணு இருக்கு," என்றார் காது. அவள் குரலில் இதுவரை பதிவான அழுகை, சிரிப்பு, பெருமூச்சு எல்லாம் அவர் கணினியில் பத்திரமாக இருந்தன. ஒன்றைத் தேடி எடுத்து, கடற்கரைக் காட்சியின் மேல் வைத்து ஓட்டினார்.

ராணியின் தோள் ஒரே ஒரு தடவை அசைந்தது. சரியாக அங்கே அழுகை தொண்டையில் இடறியது. அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"இதான்யா!" என்று மேசையைத் தட்டினார் இயக்குநர்.

அவள் மைக்கை விட்டு ஓரடி பின்வாங்கினாள். "சார், அது மூத்த மருமக அழுகை."

"அதனால என்ன? ராணியும் யாரோ ஒரு வீட்டுக்கு மருமகதானே!"

அவள் சிரிக்கவில்லை. இயக்குநர் கண்ணாடி வழியே அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பேச்சுப் பொத்தானை அழுத்தி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"இங்க பாரும்மா. சும்மா விட்டுடணும்னு நீ உறுதியாச் சொன்னா, சேனல்ல நான் பேசிப் பார்க்குறேன். எனக்கும் அந்த அமைதி புடிச்சுத்தான் இருக்கு. சண்டை போடத்தான் தெம்பு இல்ல. இல்லையா, புதுசா நீயே ஒண்ணு குடு. ரெண்டும் வேணாம்னா காது இதையே ஒட்டிடுவாரு. டீ குடிச்சுட்டு வந்து சொல்லு. சாயங்காலம் படம் கைமாறணும்."

அவள் காரிடாருக்கு வந்தாள். மாடியில் தம்பி மனைவி இந்தப் படத்தைப் பார்ப்பாள். அது மட்டும்தான் அவள் தலைக்குள் இருந்தது.

5

இங்கே நான் களைத்துப்போனேன். மூன்று வழி இருக்கிறது என்று இயக்குநரே சொல்லிவிட்டார். நானும் மூன்றிலும் போய்ப் பார்த்தேன்.

பழைய அழுகையை ஒட்டிவிடுகிறார்கள். படம் வருகிற அன்று கீழ் வீட்டில் அவள் தன் டிவியைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். மேலேயிருந்து கடல் காற்று கேட்கிறது. பிறகு மூத்த மருமகள். பிறகு மாடி டிவி சட்டென்று அணைகிற —

(நடக்கக்கூடியதுதான். அதனாலேயே கை ஓடவில்லை.)

புதிதாக அவளே அழுகிறாள். இதுவரை யாருக்கும் கொடுக்காத அழுகை. காது ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. உடனே சந்தேகம் வந்தது. ராணி அழ வேண்டும் என்று அரண்மனை வாசலில் நிற்கிற கூட்டத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நானும் ஒரு பூவோடுதான் நிற்கிறேன். தவிர, கூலிக்கு வேலை செய்யும் இடத்தில் அது வருமென்றால், தம்பிக்கு ஏன் வரவில்லை என்று மாடியில் கேட்பாளே. கேட்டால் நான் என்ன பதில் எழுதுவது?

சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த மௌனத்தைக் கேட்டுத் தம்பி மனைவி படியிறங்கி வருகிறாள். இருவரும் ஜன்னல் வழியாக வெளியே —

(மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லோரும் கடைசியில் ஜன்னலுக்குத்தான் வருகிறார்கள். அந்தக் கீழ் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர்தான் தெரியும்.)

மூன்றையும் வைத்துக்கொண்டு நாலைந்து நாள் சும்மா இருந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் கதையைச் சொன்னேன். அம்மா குழாயை மூடாமலேயே கேட்டாள்.

"அந்தத் தம்பி பொண்டாட்டிய யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

6

யாரும் கேட்கவில்லை. நானும்தான். காரிடாரில், ஆறிப்போன டீயோடு, அவள் கேட்டாள்.

தம்பி மனைவியின் போனில் மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள்.

"சொல்லுங்க."

"சாப்டியா?"

"ம்."

அவள் டீயை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரு படம் பண்றேன். ராணி படம். அதுல அவ அழணுமாம்."

"அழுங்க. அதுக்கென்ன."

"வரல."

மறுமுனையில் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"வரலன்னா பழச ஒட்டிடுவாங்க. அந்த மூத்த மருமக அழுகை. அன்னைக்கு நீ கேட்டியே, அது. நீ மாடியில உக்காந்து திரும்பவும் அதக் கேக்க வேண்டாம்னுதான்…" அவள் நிறுத்திக்கொண்டாள். "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு. இந்தப் படமே வேணாம்னு எந்திரிச்சு வந்துடுறேன்."

"என்னைய ஏன் அண்ணி கேக்குறீங்க?"

"கேக்க இப்ப வேற யாரு இருக்கா?"

சிரிப்பா செருமலா என்று தெரியாத ஒன்று மறுமுனையில் கேட்டது.

"அந்த மூத்த மருமக அழும்போதெல்லாம் இவரு என்ன சொல்வாரு தெரியுமா? 'அக்காவுக்குப் பசி. சீக்கிரம் சாப்பாடு போட்டா நிறுத்திடுவா'ம்பாரு."

"என்கிட்ட சொன்னதே இல்லையேடி, அவன்."

"உங்ககிட்ட எப்படிச் சொல்வாரு? நல்லா வந்திருக்குன்னுதான சொல்வாரு." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இவரு இருந்தா எது நெசம், எது சீரியல்னு சட்டுனு சொல்லிருப்பாரு. எனக்கு அந்தக் காது இல்ல, அண்ணி. அன்னைக்கு உங்களப் பார்த்தேன், எனக்கு ஒண்ணுமே புரியல. இருந்த ஆத்திரத்துல வாய்க்கு வந்தத…"

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துக் கொடுக்கப் போவதில்லை.

"உள்ள போங்க," என்றாள் பிறகு. "உங்களுக்கு எப்படி வருதோ அப்படிப் பண்ணுங்க. ஒண்ணுமே பண்ணாட்டியும் சரி. படம் வர்றப்போ மேல வாங்க. சேர்ந்து கேட்டுப் பார்ப்போம். யாராவது ஒருத்தர் சொல்லணும்ல, இது நீங்கதானான்னு."

அவள் டீயைக் குப்பைத் தொட்டியில் ஊற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஆடுகிற ஸ்டூலை ஓரமாகத் தள்ளினாள். நின்றபடியே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

"என்ன முடிவு, ராணியம்மா?"

"படத்த ஓட்டுங்க சார். சொல்றேன்."

அந்த மாடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து என்ன கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் படம் எப்போதாவது உங்கள் வீட்டில் வந்தால், வீடு அமைதியாக இருந்தால், நீங்கள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை. முதுகுதானே, உங்களுக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்ளலாம். உதட்டைப் பார்த்து யாரும் உங்களைத் தப்பு சொல்ல முடியாது.

சிவப்பு விளக்கு எரிந்தது. காது கையை உயர்த்தி, இறக்கினார். திரையில் ராணி மெல்லக் கடல் பக்கம் திரும்பினாள். மைக்குக்கு முன்னால் அவள் மூச்சை இழுத்தாள்.

இந்த இடத்தில்தான் அம்மா மிக்ஸியைப் போட்டாள்.