ஜன்னலுக்கு ஒரு வேலி

எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே பஸ் நிற்கும் இடம். என் சம்சாரத்துக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து அவள் படுக்கையானதிலிருந்து, பஸ்ஸுக்கு நிற்பவன் எல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பான். ஜன்னலைச் சாத்தினால் அறை அடுப்பாகிவிடும். திரை போட்டால் காற்று வராது. வந்தால் திரை நிற்காது.

"செத்தாக்கூட பரவால்லங்க. இப்படி வேடிக்கைப் பொருளா கிடக்க முடியல" என்றாள்.

வாயைத் திறந்து எதையும் கேட்டவள் இல்லை. நல்ல கோடை என்று தெரிந்தும் வேலிச்செடி வாங்கப் போனேன்.

நர்சரிக்காரன் முகத்தைச் சுளித்தான். "மழை வரட்டும் பெரியவரே."

"அது வரைக்கும் முடியாது. குடு."

"அப்போ கேட்டுக்கோங்க. பைக்குள்ள வேரு சுருண்டு கிடக்கும், பிரிச்சுவிட்டு வைங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தாதீங்க. வாரத்துக்கு ஒரு தடவை, செடிக்கு ஒரு பக்கெட். தண்ணி கீழ போனாத்தான் வேரும் கீழ போகும்."

இந்த வெயிலில் வாரத்துக்கு ஒரு தடவையாம். செடி செத்தால் மறுபடி அவனிடம்தானே போய் நிற்கவேண்டும்? இவனைப் போல எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

இடுப்பு உயரச் செடி, இருபது. பையைக் கிழித்து மண்கட்டியோடு அப்படியே இறக்கினேன். சாயங்காலம் தவறாமல் ஆளுக்கு ஒரு குவளை ஊற்றினேன். செடியும் தளிர்த்தது. நர்சரிக்காரனை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இவள் படுத்தபடியே கணக்குச் சொல்வாள். "இன்னைக்கு பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு வயிறு மறைஞ்சுடுச்சு." இரண்டு மாதத்தில், "நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சுங்க. இனி மூஞ்சிதான் பாக்கி."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து அம்மாவுக்குத் தலை அலசிவிடுவாள். அந்தப் பக்கெட் தண்ணீரை அப்படியே ஜன்னல் வழியாகக் கவிழ்ப்பாள்.

"சோப்புத் தண்ணிய ஊத்தி சாகடிக்கப் போறியா?"

"அம்மாவக் குளிப்பாட்டுனேன், உங்க செல்லப் பிள்ளையையும் குளிப்பாட்டுனேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்பா."

பிறகு இவளுக்குச் சளி நெஞ்சில் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தானாக வந்து, "கேட் சாவியக் குடுத்துட்டுப் போங்கண்ணே, நான் தண்ணி ஊத்துறேன்" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு அங்கே போய் நான் நிம்மதியாக இருப்பேனா? பூட்டிக்கொண்டு போனேன்.

ஆறு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மழைக்காலம் வரைக்கும் தாங்குறது கஷ்டம்" என்றார்.

கேட்டைத் திறந்தால் வேலி முழுக்கக் காய்ந்த துடைப்பம். ஒன்றைப் பிடித்து இழுத்தேன். சண்டை போடாமல் கையோடு வந்தது. வேர் பைக்குள் இருந்த வடிவத்திலேயே சுருண்டிருந்தது. அதற்குக் கீழே மண் கல்லாகக் கிடந்தது. ஜன்னலுக்கு அடியில் இருந்த ஒன்று மட்டும் பச்சை. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மகள் பக்கெட் கவிழ்த்த செடி.

மகளும் நானுமாக இவளைக் கட்டிலில் கிடத்தினோம். ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"நெஞ்சு வரைக்கும் வந்துச்சே" என்றாள். கொஞ்சம் கழித்து, "சாத்திடுங்க."

சாத்தாமல் நர்சரிக்குப் போனேன். செய்ததை எல்லாம் சொன்னேன். அவன் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"இப்போ வச்சா மறுபடியும் போயிடும். மழை விழுந்ததும் வாங்க, நானே வந்து வச்சுத் தர்றேன்."

சரி என்றேன். டாக்டர் சொன்னதை அவனிடம் சொல்லாமலே திரும்பினேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கூட்டம் சேர்ந்தது. ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய், அந்த ஒற்றைச் செடிக்குப் பக்கத்தில் ஜன்னலை அடைத்தாற்போல உட்கார்ந்தேன். எதிரே நின்ற ஒருவன் கழுத்தை நீட்டினான். நானும் அவனையே பார்த்தேன். வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

உள்ளேயிருந்து இவள் குரல் குழறிக்கொண்டு வந்தது.

"இன்னும் கொஞ்சம்... இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன்.