லீலாவுக்கு மூச்சு வாங்கும் நேரம்

ஆகஸ்ட் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு இருபதுக்கு, சிங்கப்பூரின் தோ பாயோ விளையாட்டரங்கத்தைச் சுற்றி வேலாயுதம் நடந்த நடைக்கு, சிராங்கூன் ரோட்டுத் தையல்கடையில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி லீலாவுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு இடத்துக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர் இருக்கும். நெற்றியில் ஆரம்பித்த வேர்வை கழுத்துக்கு இறங்கி, முதுகை நனைத்தது; கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகின. கடைக்காரர் அப்துல் முத்தலிப் காற்றாடியை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, மாரடைப்பாக இருக்குமோ என்று ஆம்புலன்சுக்குப் போன் போடக் கையை நீட்டியபோது, ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் எல்லாம் தானாக நின்றது. லீலா ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள், மிச்சமிருந்த நான்கு கொக்கிகளையும் தைத்து முடித்தாள், பேருந்து ஏறி வீட்டுக்குப் போனாள்.

வேலாயுதம் முப்பத்துநான்கு வருடம் பேருந்து ஓட்டியவர். நடப்பதென்பது பேருந்தைத் தவறவிட்டவர்கள் செய்கிற வேலை என்பது அவருடைய தீர்மானம். ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் அரசாங்கப் பாலிகிளினிக்கில் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, என்று எழுதிவிட்டார்கள். டாக்டர் வித்யா சின்னப் பெண், அவர் மகள் வயதுதான். "அங்கிள், தினமும் நாற்பது நிமிஷம் நடக்கணும். இல்லன்னா ஊசி. அதுக்கப்புறம் கால்ல கத்தி வைக்கிற மாதிரி ஆயிடும்" என்று சிரிக்காமல் சொன்னாள். அவரும் நடந்து பார்த்தார். முதல் சுற்றிலேயே முழங்கால் முனகியது, கைக்கடிகாரம் நகர மறுத்தது, நெஞ்சுக்குள் பழைய என்ஜின் இரைவது போல ஒரு சத்தம். இரண்டாம் சுற்றைப் பாதியில் விட்டு காப்பிக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். இதைக் கேள்விப்பட்டு உட்லண்ட்ஸிலிருந்து மகள் தாரணி வந்தாள். காதில் செருகும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்து, கைத்தொலைபேசியில் நூற்றுப்பத்துப் பாட்டை ஏற்றிவிட்டுப் போனாள். மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

காதில் தவில் ஒலித்த முதல் நொடியிலேயே யாரோ சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நடத்துவது போல இருந்தது அவருக்கு. ஆறு சுற்று போனார். தூங்குமூஞ்சி மரங்களும், மேலே பறந்த மைனாக்களும், எதிரே ஓடிவந்த சீனக் கிழவரின் வெள்ளைக் காலுறையும்கூட தாளத்துக்குத் தப்பாமல் அசைவதாகத் தோன்றியது. வீட்டுக்கு வந்தபோது சட்டை இஸ்திரி போட்டபடி காய்ந்திருந்தது. அறுபத்திரண்டு வயதில், உடம்பு என்பது இவ்வளவு இனிமையான சாமானா என்று அவர் லீலாவிடம் கேட்டார். அவள் உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் பிடிபட ஒன்பது நாளாயிற்று. லீலா கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்த அன்று, வேலாயுதத்தின் தொலைபேசியில் மின்சாரம் தீர்ந்து பாட்டு நின்றது. அந்தக் கணமே ஒரு மூட்டை அரிசியை முதுகில் போட்டது போல அசதி இறங்க, அவர் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். தட்டுத் தடுமாறி வீடு வந்து, மணி ஆறு நாற்பத்திரண்டுக்குப் பாட்டு நின்றுபோனதாகச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே படுத்திருந்த லீலா, தனக்கு மூச்சு சீரானதும் ஆறு நாற்பத்திரண்டுக்குத்தான் என்றாள். பிறகு சோதித்துப் பார்த்தார்கள். கூடத்தில் அவர் பாட்டைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைக்க, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் இளைத்தாள். பக்திப் பாட்டுக்கு அவளுக்குக் கால் மட்டும் வலித்தது. மலாய் மெல்லிசைக்குத் தோள் கனத்தது. குத்துப்பாட்டுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. செய்தி அறிக்கை வைத்தால் அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் செய்தி கேட்டுக்கொண்டு அவரால் மின்தூக்கி வரைக்கும்கூட நடக்க முடியவில்லை.

வேலாயுதம் அன்றே அந்தக் கருவியைச் சாமி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பாட்டில்லாமல் நடக்கிறேன் என்றார். மூன்று வாரம் நடந்தார். நான்காம் வாரம் பேருந்து நிறுத்தம் வரைக்கும், ஐந்தாம் வாரம் வாசல் வரைக்கும், அதன் பிறகு அதுவுமில்லை. சர்க்கரை ஏறியது. செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண் ஆறாமல் கறுத்து, தைப்பூசத்துக்கு முந்தின வாரம் இடது காலில் இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று லீலா அலமாரியைத் திறந்து கருவியை எடுத்துத் துடைத்தாள்.

"போட்டுக்கிட்டு நடங்க."

"உனக்கு என்ன ஆவும்னு தெரிஞ்சேவா? பைத்தியமா உனக்கு?"

"எனக்கு மூச்சு வாங்கும். உங்களுக்கு விரல் போவுது. எது மேல்?"

அவர் கருவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதிலிருந்து மாலை ஆறு மணி அந்த வீட்டில் ஓர் ஏற்பாடாகிவிட்டது. லீலா கடை வேலையைக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டாள். ஐந்தே முக்காலுக்குப் பாயை விரித்து, தலைமாட்டில் துண்டும் பார்லித் தண்ணீரும் வைத்துக்கொண்டு, காற்றாடிக்குக் கீழே படுத்துவிடுவாள். எதிர் வீட்டு ஃபர்சானா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். கொரோனாவால் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த வருடத்திலும் உடற்பயிற்சிக்கு வெளியே போகத் தடையில்லை என்பதால், வேலாயுதம் காலியான வீதிகளில் நடந்தார், லீலா பூட்டிய வீட்டுக்குள் இளைத்தாள். சர்க்கரை இறங்கியது. அடுக்குமாடி புளோக்கில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. கீழே காப்பிக்கடையில், "லீலாக்கா இன்னைக்கு எத்தனை சுற்று?" என்று விசாரிப்பார்கள்.

வேலாயுதத்தை அரித்தது வேறொன்று. வாசலைத் தாண்டும்போது நெஞ்சில் குற்றவுணர்வு பாறையாக இருக்கும். இன்று மகிழக் கூடாது, மருந்து விழுங்குவது போல நடந்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று முருகன் மேல் ஆணையிட்டுக்கொண்டுதான் கிளம்புவார். முதல் பாட்டு முடிவதற்குள் பாறை எங்கே போயிற்று என்று தெரியாது. உதடு தானாக விரியும். தன் முகத்தைத் தானே கையால் மூடிப் பார்த்தார், கைக்குள்ளும் சிரிப்பு இருந்தது. பிடிக்காத பாட்டாக ஏற்றித் தரச் சொல்லித் தாரணியிடம் கேட்டு வாங்கினார். இரண்டே நாளில் அவையும் பிடித்துப்போயின. அவள் அங்கே பாயில் புரண்டுகொண்டிருப்பாள் என்பது தெரியும். தெரிந்தே இனித்தது.

மூன்றாம் வருடம் மே மாதத்தில் ஒருநாள், மழை விட்ட மாலை, கால்கள் அவரைக் கேட்காமல் ஓட ஆரம்பித்தன. விரல் போன கால்தான் முன்னால் போனது. நிறுத்த வேண்டும் என்று நினைத்தார். நினைத்தபடியே வளைவைத் தாண்டினார். காதிலிருந்ததைப் பிடுங்கி எறியக் கை உயர்ந்தது, உயர்ந்த கை தாளம் போட்டது. இந்தப் பாட்டு மட்டும், இதோ முடியப்போகிறது, என்று அவர் வாய்விட்டுச் சொன்னதை எதிரே வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். பாட்டு முடிந்து, அடுத்ததும் முடிந்து, பையிலிருந்த தொலைபேசி அதிர்ந்தபோதுதான் கால் நின்றது.

"அண்ணே, ஓடுறீங்களா?" ஃபர்சானா அழுதாள். "அக்கா விழுந்துட்டாங்க. ஆம்புலன்ஸ் வந்துடுச்சு, சீக்கிரம் வாங்க."

லீலா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆட்டுக்கறி மாதிரி சிவந்திருந்த அவள் கெண்டைக்காலைத் தொட்டு வேலாயுதம் அழுதார். பிறகு ஒரு யோசனை சொன்னார். ஒருநாள் நீ கருவியைப் போட்டுக்கொண்டு நட, வருகிற அசதியெல்லாம் எனக்கு வரட்டும். அவள் முதலில் மறுத்தாள். ஆனால் இத்தனை வருடம் இவர் சிரித்துக்கொண்டு திரும்பி வருகிறாரே, அது எப்படித்தான் இருக்கும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது.

உடம்பு தேறியதும் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் விளையாட்டுக் காலணி மாட்டிக்கொண்டு இறங்கினாள். வேலாயுதம் பாயை விரித்தார். துண்டு, பார்லித் தண்ணீர், எல்லாம் அவள் வைத்துக்கொள்வது போலவே வைத்துக்கொண்டு படுத்தார். வரப்போகிற மூச்சிரைப்புக்குக் காத்திருந்தது போல அவர் வாழ்க்கையில் வேறெதற்கும் அவ்வளவு ஆவலாகக் காத்திருந்ததில்லை. பத்தேகால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று. நாடியைப் பிடித்துப் பார்த்தார், சாதுவாக ஓடியது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. பத்து நாற்பதுக்கு லீலா வந்தாள். முகம் இருபது வயதுக்காரியின் முகமாக இருந்தது. "என்னங்க, நான் பறந்தேன்" என்றாள். "உங்களுக்கு ரொம்ப முடியலயா?"

"எனக்கு ஒண்ணுமே வரலியே, லீலா" என்றார் அவர்.

அப்போது தொலைபேசி அடித்தது. உட்லண்ட்ஸிலிருந்து தாரணி, மூச்சு இன்னும் சீராகாத குரலில் பேசினாள். "அம்மா, சும்மா நின்னு பாப்பாவ குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். திடீர்னு கையெல்லாம் துவண்டு போச்சு, மாரத்தான் ஓடின மாதிரி. பாப்பா தண்ணிக்குள்ள வழுக்கிட்டாம்மா. முழங்கையால தாங்கிப் பிடிச்சேன். நல்லாத்தான் இருக்கா, எனக்குத்தான் நடுக்கம் நிக்கல."

அது எத்தனை மணிக்கு என்று மட்டும் லீலா கேட்டாள். பத்தேகால் என்று பதில் வந்தது. குழந்தைக்குப் பால் கொடு, நீ கொஞ்சம் படுத்துக்கோ, வெயில் காலம் இல்லையா என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். காதிலிருந்ததைக் கழற்றிக் கணவர் கையில் வைத்துவிட்டுக் காலணியை அவிழ்த்தாள். அதன் பிறகு அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஒரு படிகூட ஏறியதில்லை. கடையில் வானொலி பாடினால் கையிலிருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். தன் அசதி மகளிடம் போனது ஏன், கணவரிடம் வராதது ஏன் என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. வேலாயுதம் மட்டும் அன்று சாயங்காலம் வரைக்கும் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஒருவேளை தாமதமாக வருமோ என்று பார்த்தார்.

டாக்டர் வித்யாவிடம் இதை மறைக்க முடியவில்லை. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, கணினியில் எதையோ தட்டி, பெரிய மருத்துவமனையின் இருதயப் பகுதிக்குக் கடிதம் கொடுத்தாள். அங்கே தாதி சிவகாமசுந்தரி ஓர் ஆளுக்கான படிவத்தில் இரண்டு பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். வேலாயுதத்தை நடைப்பயிற்சி இயந்திரத்தின் ஓடும் பட்டை மேல் நிற்கவைத்தாள். இருதயத் துடிப்பை அளக்க ஒட்டுகிற கம்பிகளையெல்லாம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த லீலாவின் நெஞ்சில் ஒட்டினாள். பாட்டு ஆரம்பித்தது. பட்டை நகர்ந்தது. வேலாயுதத்துக்குச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டியிருந்ததால் அவள் முகம் தெரியவில்லை. துடிப்பை அளக்கும் இயந்திரம் கூவுகிற வேகத்திலிருந்து அவள் எப்படியிருக்கிறாள் என்று தெரிந்தது. அவர் முகத்தில் அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. கண்ணில் நீர் வழிந்தது, அதைத் துடைக்கப் போன கை காற்றில் தாளம் போட்டது.

"ஆன்ட்டி, நிப்பாட்டிடவா?" என்று தாதி கேட்டாள்.

லீலா வேண்டாமென்று தலையசைத்தாள். "சர்க்கரை... இறங்கணும்ல" என்றாள், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு விட்டு.

பதினான்கு நிமிடத்தில் சோதனை முடிந்தது. முடிவு இருவருக்கும் வயதுக்கு ஏற்றபடி இருப்பதாகவும், நடையைத் தொடரலாம் என்றும், ஓட வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. வேலாயுதம் நல்ல காலணியாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வர வேண்டும். லீலா வெறும் வயிற்றோடு வர வேண்டும்.