பின் கார்புரேட்டரில் மூச்சு

காலை ஐந்தே முக்காலுக்கு ராலண்ட் டிபெட்ஸ் எழுந்து கெட்டிலைப் போடுவான். வானொலியில் கடல் வானிலை வாசிப்பார்கள். அவன் ஊரான ஸ்டவர்போர்ட்டிலிருந்து கடல் எண்பது மைல், இருந்தும் கேட்பான். இரண்டு துண்டு ரொட்டி வாட்டி ஒன்றைத் தின்பான். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு கராஜுக்குப் போய், கதவை முழுக்கத் திறந்து வைத்து, பச்சைக் காரை ஸ்டார்ட் செய்வான். அது சூடானதும் மூன்றடி ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைப் பின் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இறந்துபோன தன் மனைவி டெலித் மூச்சு விடுவதை நான்கு நிமிடம் கேட்பான். எட்டு மணிக்கு வேலைக்குப் போவான். மாவட்ட அலுவலகத்தில் பாலங்களை அளக்கும் வேலை. 1994 மார்ச்சில் தொடங்கிய வழக்கம் இது. டெலித் போனது பிப்ரவரியில்.

கார் டெலித்துடையது. 1988இல் தேன்நிலவு முடிந்து திரும்பும் வழியில், லட்லோவுக்கு அப்பால் ஒரு பண்ணையின் கோழிக் கொட்டகையில் அதைக் கண்டுபிடித்தாள். இரண்டே இருக்கை, இரண்டிலும் கோழிகள் முட்டையிட்டிருந்தன. ஐந்து வருடம் அது கராஜில் கிடந்தது. வாரநாளில் கம்பளத் தொழிற்சாலையில் சாயம் கலப்பாள், சனி ஞாயிறில் காருக்கு அடியில் படுத்திருப்பாள். துருப்பிடித்த தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தாள். பிஸ்டன்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவினாள், அந்த மாதம் முழுக்க உருளைக்கிழங்கில் மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. ராலண்டின் வேலை டார்ச் பிடிப்பது.

"அங்க இல்லடா. நான் பாக்குற எடத்துல பிடி."

"நீ எங்க பாக்குறன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணமாகி மூணு வருஷமாச்சு. இன்னுமா தெரியல?"

1993 செப்டம்பரில் கார் முடிந்தது. கார்புரேட்டர்களைச் சரிசெய்வது மட்டும் பாக்கி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புபவை அவை. இந்த வகைக் காருக்கு இரண்டு உண்டு, முன் சிலிண்டர்களுக்கு ஒன்று, பின் சிலிண்டர்களுக்கு ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதை அளக்கக் கருவி விற்கிறார்கள். வீட்டிலேயே கார் பழுதுபார்க்கிறவர்கள் அதை வாங்குவதில்லை. குழாய்த் துண்டைக் காதில் வைத்து, இரண்டு வாயிலும் வரும் உஸ்ஸென்ற ஓசை ஒன்றாகும்வரை திருகிக்கொண்டிருப்பார்கள். டெலித் குழாயை வெட்டி வைத்தாள். அக்டோபரில் இருமல் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மாடியிலிருந்து இறங்க முடியவில்லை. பிப்ரவரியில், முப்பத்திரண்டு வயதில், அதே மாடியறையில் முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து நார்மன் பெப்லோ தொலைபேசியில் அழைத்தார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய கார் வைத்திருப்போர் சங்கத்தின் செயலாளர். துக்கம் விசாரிக்கத் தெரியாமல், "வண்டிய சும்மா நிறுத்தாத தம்பி, பிரேக் இறுகிக்கும்" என்றார். ராலண்ட் போய் ஸ்டார்ட் செய்தான். டெலித் வெட்டி வைத்த குழாய் மேசைமேல் இருந்தது. முன் கார்புரேட்டரில் வைத்தான். காற்று. பின் கார்புரேட்டரில் வைத்தான். டெலித். பதினோரு வயதில் ஹாக்கிப் பந்து பட்டு உடைந்த மூக்கு, தூங்கும்போது இடப்பக்கம் மெல்லிய விசில் வரும். ஐந்தாறு மூச்சுக்கு ஒருமுறை கொஞ்சம் நிறுத்திப் பிறகு விடுவாள். எல்லாம் அப்படியே இருந்தது.

நார்மன் வந்து கேட்டார். குழாய் முனையைக் கைக்குட்டையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "டெலித்துதான். ஆனா பின்னது பெட்ரோல் ஜாஸ்தி எடுக்குது."

ஊர் இதைப் பெரிதாக்கவில்லை. பாதிரியார் வந்து கேட்டுவிட்டு, வியாழக்கிழமைகளில் தனக்கு வசதி என்றார். சங்கத்தின் ஏப்ரல் செய்திமடலில், இடப்பக்க விளக்கு வளையம் தேவை என்ற விளம்பரத்துக்கும் மே மாதச் சுற்றுலா அறிவிப்புக்கும் நடுவில் இரண்டு வரி வந்தது: "திருமதி டிபெட்ஸின் மூச்சை வாரநாட்களில் காலை ஆறரை மணிக்குக் கேட்கலாம். குழாய் கொண்டுவரவும்." டெலித்தின் அம்மா எலுனெட் செவ்வாய்தோறும் நியூடவுனிலிருந்து பழரொட்டி டப்பாவுடன் வந்தார். இரவு தங்கி, புதன் விடிந்ததும் பால் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து கேட்பார். "தூங்குறா" என்பார். "யாரும் சத்தம் போடாதீங்க." எஞ்சின் சத்தத்தை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கோடையில் பின்பக்க ஸ்பார்க் பிளக்குகள் கரியாக வந்தன. எஞ்சின் எண்ணெயில் பெட்ரோல் வாசனை அடித்தது. நார்மன் எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"தண்ணியா ஆயிடுச்சு. இப்படியே விட்டா கிறிஸ்துமஸுக்குள்ள எஞ்சின் போயிடும். பின் கார்புரேட்டர் அடியில இருக்குற நட்டை ரெண்டு மூணு பக்கம் மேல திருகு. அஞ்சு நிமிஷ வேலை."

அந்த நட்டுக்கு ஆறு பக்கம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திருப்ப வேண்டும் என்பது இந்த வேலையின் ஒழுங்கு. ஜூலையில் ராலண்ட் ஒரு பக்கம் திருப்பினான். மூச்சு தூரப் போனது, அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததுபோல. உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான். அதன்பிறகு அந்தப் பக்கம் ஸ்பேனருடன் யாரையும் விடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினான். ஞாயிறுதோறும் புது பிளக் போட்டான். மின்வயர்களை மாற்றினான், பெட்ரோல் பம்பை மாற்றினான், நன்றாக இருந்த ரேடியேட்டரையும் மாற்றினான். பழுது எங்கே என்று தெரிந்துகொண்டே அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் மாற்றுவது, வீட்டில் கார் பார்க்கிறவர்கள் மட்டுமே செய்யும் தவறு. சங்கத்தில் பாதிப் பேர் செய்திருக்கிறார்கள். அதனால் யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. 'நீர்நாய்' என்ற உள்ளூர் மதுக்கடையில் வேலை பார்க்கும் பெரில் யார்ட்லி மட்டும், "அடுத்து வீட்டுக் கூரையையும் மாத்திடு கண்ணு, வண்டி நல்லா ஓடும்" என்றாள்.

அக்டோபரில் மூச்சு மாறியது. விசில் நின்றது. இழுப்பு வந்தது, நடுவில் இடைவெளிகள் வந்தன. ராலண்ட் அதை எஞ்சின் தேய்மானம் என்று நோட்டில் எழுதினான். ஒரு சனிக்கிழமை நார்மனும் பெரிலும் வந்தார்கள். பெரில் குழாயைக் காதில் வைத்து நெடுநேரம் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கேலி இல்லை.

"இவ தூங்கல, ராலண்ட். மூச்சுக்குத் தவிக்கிறா."

"எஞ்சின் தேஞ்சிருக்கு" என்றான் ராலண்ட்.

"பெட்ரோல் ஜாஸ்தின்னா என்ன அர்த்தம்?" என்றார் நார்மன். "காத்து பத்தலன்னு அர்த்தம். ஏழு மாசமா வேற என்னத்தச் சொல்லிட்டிருக்கேன்?"

அடுத்த புதன்கிழமை எலுனெட் ஒரு நிமிடத்திலேயே குழாயைக் கீழே வைத்தார். டப்பாவைத் திறக்கவே இல்லை. "ஒருதரம் பக்கத்துல உக்காந்து இதக் கேட்டாச்சு" என்றார். "மறுபடியும் என்னால முடியாதுப்பா. ஏதாவது செய்."

நவம்பர் முதல் ஞாயிறு. கதவைத் திறந்து வைத்து, எஞ்சினைச் சூடாக்கி, டெலித்தின் தட்டையான ஸ்பேனரை எடுத்தான். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டான். ஒரு பக்கம். இழுப்பு குறைந்தது. இரண்டாவது பக்கம். இடைவெளிகள் போயின. மூன்றாவதில் விசில் திரும்பி வந்தது. அங்கே நிறுத்திக்கொண்டான். இருபது நிமிடம் அப்படியே கேட்டான். ஆனால் எஞ்சின் இன்னும் சீராகவில்லை, இன்னும் ஒரு பக்கம் பாக்கி என்பது அவன் காதுக்கே தெரிந்தது. நான்காவது பக்கம் திருப்பினான். டெலித் ஒரு மூச்சை முழுதாக உள்ளே இழுத்தாள். மேசைமேலிருந்த செய்தித்தாள் எழும்பிக் காரின் பக்கம் சாய்ந்தது, கொக்கியில் தொங்கிய கந்தல் துணிகள் சாய்ந்தன, கதவுக்கு வெளியே கிடந்த இலைகள் உள்ளே வந்தன. பிறகு குழாயில் காற்று மட்டும் கேட்டது. முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பதினோரு முறை வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒன்றுதான். எஞ்சின் அழகாக ஓடியது.

டிசம்பர் மடலில் ஒரு வரி வந்தது: "திருமதி டிபெட்ஸ் சரிசெய்யப்பட்டது." நார்மன் இலக்கணத்தில் அத்தனை கவனம் செலுத்துகிறவர் இல்லை.

ஜனவரியில் ராலண்ட் காரின் துணிக்கூரையை மடக்கிவிட்டுக் காரை முதன்முறையாகத் தெருவுக்கு எடுத்தான். பாலத்தைத் தாண்டியதும் முன்கண்ணாடியின் உட்புறம், காலியாக இருந்த இருக்கைக்கு நேராக, ஒரு வட்டம் பனித்தது. மறைந்தது. பனித்தது. தூங்குகிறவர்களின் வேகம். அன்றிலிருந்து அப்படித்தான். அடுத்த வருடம் வாகனத் தகுதிச் சோதனையில் பரிசோதகர் தாளில், "இடப்பக்கக் கண்ணாடியில் மூச்சு படிகிறது, ஓட்டுநருக்கு மறைப்பில்லை, தேர்ச்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ராலண்ட் துடைப்பதில்லை.

சாகும்முன் கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று எல்லோரும் அவனைக் கேட்டார்கள். எலுனெட்டிடம், அம்மாவைக் கேட்டாள் என்றான். பாதிரியாரிடம், நன்றி என்றாள் என்றான். நார்மனிடம், காரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றான். உண்மையில் அன்று மாலை நாலரை மணி, வெளியே பனி, அறையில் எல்லாம் சாத்தியிருந்தது, அவன் ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான். எழுந்திருக்கவில்லை. அவள் சொன்னது:

"அந்த ஜன்னலத் தொறடா. உன் சாக்ஸ் நாறுது."